தன் வாயால் பேசியவள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளி அவர்களே, நம்மை விட்டுப் போனவளுடைய புத்தகத்தைத் துணிந்து போட்ட பதிப்பாளர் அவர்களே, ஆடியோ நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் தம்பிகளே, முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் டப்பிங் குடும்பமே, அவள் பெற்ற மகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னை 'பாப்பாக்கா' என்பீர்கள். வெளிநாட்டுத் தொடர்களில் எந்தக் குழந்தை தமிழில் அழுதாலும் அது நான்தான். தலை நரைத்த பிறகும் நான்தான்! அந்தத் தொடர்களுக்கெல்லாம் தமிழ் வசனம் எழுதியவள் இன்று நம்மிடையே இல்லை. ஊருக்கு அவள் 'வசனக்கா'. எனக்கு வெறும் 'வசனம்'. அவள் வெளியிட்டது ஒரே ஒரு நாவல். அதை ஒலிப்புத்தகமாகத் தன் குரலிலேயே படித்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது இதயம் நின்றுவிட்டது. அந்த அத்தியாயத்தை யார் படிப்பது? எந்தக் குரலில் படிப்பது? அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பதிலைச் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன்.

வசனத்துக்குப் பேச்சு திக்கும். இதை நீங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பழகிவிட்டீர்கள். நான் உரக்கவே சொல்கிறேன். திக்கும்! ப, ம மாதிரி உதடு ஒட்டுகிற எழுத்து வந்தால் பாதி நேரம் வாய் பூட்டிக்கொள்ளும். டீக்கடையில்கூட விரலைக் காட்டி வாங்கிவருவாள். அப்படிப்பட்டவளுக்கு என்ன வேலை தெரியுமா? திரையில் யாருடைய உதடோ ஒட்டுகிற இடத்தில், ஒட்டுகிற தமிழ்ச் சொல்லைத் தேடிப் போடுகிற வேலை. அங்கே வாய் மூடினால் இங்கே சொல் முடிய வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்து வசனம் தைத்துக் கொடுத்தாள், தையற்காரி மாதிரி.

அந்தக் கெட்டிக்காரத்தனமே அவள் காலை வாரியது. ஆசை ஆசையாய் ஒரு நாவல் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதிப்பாளர் ஐயா, அன்றைக்கு நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எல்லாரும் அழகாப் பேசறாங்கம்மா. ஆனா ஒருத்தர்கூட மூச்சு விடற மாதிரி தெரியலையே." உங்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன் ஐயா! பிறகு நானே படித்துப் பார்த்தேன். கதையில் அப்பா இறந்து கிடக்கிறார், மகள் கதறுகிறாள். அந்தக் கதறல்கூட அளந்து நறுக்கி வைத்த மாதிரி கச்சிதம்! இல்லாத திரையில் இல்லாத உதட்டுக்கு வசனம் எழுதியிருக்கிறாள் இந்தப் பைத்தியம். இப்படி ஒரு தப்பை எங்கள் தொழில்காரர்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

சோர்ந்துதான் போனாள். அழுதாள்கூட. ஒரு நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், காலி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல் அந்தக் கதையை வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தாமலே போயிருந்தார். திரும்பி வந்து அவளுக்கே போட்டுக் காட்டினார். ஊரார் குரலையெல்லாம் கேட்டவள் தன் குரலைக் கேட்டது அன்றுதான். "அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவு வரைக்கும்தான் போனாள். "இருங்க, இன்னொரு தடவை போடுங்க" என்று வந்து உட்கார்ந்தாள்.

அதில் என்ன இருந்தது? 'அப்பா' என்ற சொல் அவளுக்கு வரவில்லை. அதனால் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். "எங்க வீட்டுக் கதவைத் தோளால தள்ளித் திறக்கிறவர்" என்று சொல்லியிருக்கிறாள். அடேயப்பா! கேட்டு அசந்துபோனேன் நான். அப்பா என்று சொல்லியிருந்தால் எல்லார் வீட்டு அப்பாவையும் போல ஒரு அப்பா. இவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்! "அக்கா, வராத வார்த்தைக்குப் பயந்து இத்தனை வருஷமா சுத்தி வளைச்சுப் பேசினேன். அதுதான் அக்கா என்னோட தமிழ்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய தாள்களை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினாள்.

புத்தக வெளியீட்டு விழா நினைவிருக்கிறதா? படிக்க என்னைத்தான் கூப்பிடுவாள் என்று வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். "உட்காருங்க அக்கா, நானே படிக்கிறேன்" என்றாள். கதையில் வரும் மகள், கடைவீதியில் எல்லார் முன்னாலும் தனக்காக முதல்முறை வாய் திறந்து சண்டை போட்டுவிட்டு வீடு திரும்பும் இடம் அது. "அப்போது என் நெஞ்சில் இருந்தது" என்று படித்தாள். அடுத்த சொல்லில் உதடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய உதட்டைப் பார்த்தால் எங்கள் கூட்டம் சும்மா இருக்குமா? வில்லனுக்குப் பேசுகிறவர், மாமியாருக்குப் பேசுகிறவள், நான், முன் வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் "பயம்!" என்று குரல் கொடுத்துவிட்டோம். ஒத்திகையே இல்லாமல், ஒரே டேக்கில்!

மண்டபமே சிரித்தது. வசனமும் சிரித்தாள். "நல்லா ஒட்டுது. ஆனா நான் எழுதினது அது இல்ல. இருங்க, வரும்" என்றாள். இருந்தோம். வந்தது. "பெருமை" என்றாள். அப்போது எழுந்து நின்று கைதட்டியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அதை இரக்கம் என்று எவராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்!

பிறகு ஆடியோ நிறுவனம் வந்தது. "திக்கற இடத்தை மட்டும் வெட்டிட்டா நீளம் குறையும் மேடம்" என்றார் ஒரு தம்பி. தலையைக் குனியாதே தம்பி, திட்ட மாட்டேன். "தாராளமா வெட்டுங்க. அப்படியே அட்டையில இருக்கிற என் பேரையும் வெட்டிடுங்க" என்றாள். ஒரு மூச்சுகூட வெட்டப்படவில்லை. அவள்தான் எழுத்தாளர்! அவள்தான் எங்கள் வசனம்!

இப்போது அந்தக் கடைசி அத்தியாயம். அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பெரியம்மா, அம்மா குரல் உங்களுக்கு அப்படியே வருமே. அவங்க மாதிரியே நிறுத்தி நிறுத்திப் படிச்சிடுங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது." உண்மைதான் மகளே. எனக்கு வரும். இந்த மேடையிலேயே எடுத்துக் காட்டினால் உன் அம்மாவே வந்துவிட்டாள் என்று எல்லோரும் விம்முவார்கள். செய்யட்டுமா? இரவல் குரல் வேண்டாம் என்று வாழ்ந்து காட்டியவளுக்கு நான் இரவல் கொடுக்கட்டுமா?

மாட்டேன். செய்யவே மாட்டேன். உன் அம்மா இல்லை என்பது எனக்கும் வலிக்கிறது. அந்த இடத்தை நடித்து நிரப்ப எனக்கு மனசு வரவில்லை.

இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, கரகரவென்று, ஆண்பிள்ளை மாதிரி, இதுதான் என் சொந்தக் குரல். குழந்தையாகக் கொஞ்சியும் குமரியாகச் சிரித்தும் பிழைத்த நான், மைக் முன்னால் ஒரு நாளும் இதை வெளியே விட்டதில்லை. வெட்கம். நாளைக் காலை அவள் உட்கார்ந்த நாற்காலியில் இதோடுதான் உட்காரப்போகிறேன். அவள் எழுதியதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். அவளுக்குப் பின்னால் எழுத வருகிறவர்கள் எந்தக் குரலோடு வந்தாலும், தங்கள் எழுத்தை அந்தக் குரலிலேயே படிக்க அந்த ஒலிப்பதிவு அறைக் கதவு திறந்திருக்கும். முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டார்.

அத்தியாயம் தொடங்கும் முன் நான் சொல்லப்போவது இவ்வளவுதான். "இதுவரை நீங்கள் கேட்டது எழுதியவளின் குரல். இனிமேல் கேட்கப்போவது அவளுடைய அக்காவின் குரல்."