அடி திறந்த வலை

இராஜாக்கமங்கலம் போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்த பள்ளி விளையாட்டு ஆசிரியர், பக்கத்திலிருந்த மீனவரின் மடியில் அவர் பின்னித் தந்திருந்த சின்ன வலையைத் திரும்ப வைத்தார்.

“அடியில ஓட்ட வச்சு எவனாவது வலை பின்னுவானா சாரே?” என்றார் மீனவர்.

“கூடைப்பந்து வளையத்துக்குண்ணு சொல்லித்தானே அண்ணே கேட்டேன். போட்ட பந்து உள்ளயே இருக்கு, கீழ விழமாட்டேங்குது. நாளைக்கு மேட்ச். சாயங்காலத்துக்குள்ள அடிய அறுத்துத் தாங்க.”

“உள்ள விழுந்தது வெளிய போவப்பிடாது. அதுல்லா என் தொழிலு.”

“ஒங்களச் சொல்லி என்ன? இந்த விளையாட்டக் கண்டுபிடிச்சவனே மொதல்ல அடியுள்ள பழக்கூடையத்தான் மாட்டினான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளு ஏணியில ஏறிப் பந்த எடுத்துப் போட்டிருக்கான்.”

“பொறவு?”

“அடிய வெட்டிரலாம்ணு புத்தி வர பல வருஷம் ஆச்சு.”

மீனவர் வலையை விரித்து அடிமுடிச்சைத் தடவிப் பார்த்தார்.

“கண்டுபிடிச்சவனுக்கே பல வருஷம். எனக்கு மட்டும் சாயங்காலம் வரைக்குமா?”