பதினெட்டு டிகிரி

தேநீர் வேண்டாம் ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோப்பையின் விளிம்பில் யாரோ உதடு வைத்த தடம் காய்ந்து கிடக்கிறது. கழுவியவர் கண்ணில் அது படவில்லை, என் கண்ணில் பட்டுவிட்டது. இனிமேல் தொண்டையில் இறங்காது. சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான்.

ஸ்டேஷன் வரை நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. என் தங்கை வீட்டுக்காரர் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். என் பட்டறையில் அவர் தன் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்தபோது கிக்கர் திருப்பி அடித்தது, வண்டி அவர்மேல் சாய்ந்தது என்பது வரை சரி. அதற்குக் கீழே, இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழுகிற நேரம், இரண்டு டிகிரி முன்னால் இருந்தது என்றும், மெக்கானிக்கின் கவனக்குறைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருபத்தேழு வருடமாகப் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஏற்க முடியாது.

உங்கள் நிபுணர் எங்கே கோட்டை விட்டார் என்று சொல்கிறேன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு குச்சியை விட்டு, குச்சி மேலே ஏறி நின்ற இடம்தான் பிஸ்டனின் உச்சி என்று எடுத்துக்கொண்டார். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் சற்றுத் தயங்கும். உள்ளே அதைச் சுற்றுகிற கிராங்க் தண்டு இரண்டு மூன்று டிகிரி திரும்பியிருக்கும், குச்சி அசையாது. அதில் எது உச்சி என்று கண்ணால் சொல்ல முடியாது. பிஸ்டனை ஒரு தடையில் முட்டவிட்டு, முன்பக்கம் ஒரு குறி, பின்பக்கம் ஒரு குறி போட்டு, இரண்டுக்கும் நடுவைப் பிடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. அவர் சொல்லும் இரண்டு டிகிரி அவருடைய குச்சியில்தான் இருக்கிறது. நீங்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் என் டைமிங் முடியளவும் பிசகாமல் இருந்தது.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். கதவுக் கைப்பிடி, பூட்டு, கீல் விற்கிற வேலை. போகிற இடமெல்லாம் சிரிப்பு. நானும் அவரை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். வாயைத் திறந்துகொண்டு மெல்லுவார். பேசும்போது ஒரு பருக்கை பறந்து வந்து மேசையில் விழும். அதை விரலால் ஒற்றி எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். மூக்கைச் சிந்திய கையைத் தேய்க்க அவருக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது, வண்டி சீட்டுக்கு அடியில்.

அது என் அப்பாவின் வண்டி. ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சிசி, எனக்கும் மூத்தது. பதினாலு வயதிலிருந்து நான்தான் அதைத் துடைத்தேன். ஒவ்வொரு ஸ்போக்காகத் துடைத்திருக்கிறேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது என்னைக் கூப்பிட்டு, "நீ தொடச்சு வெச்சுக்கிட்டே இருப்படா. அவன்தான் ஓட்டுவான். மாப்ளகிட்ட குடுத்துடு" என்றார். கொடுத்துவிட்டேன். சாவியைத் துடைத்து அவர் கையில் வைத்தேன். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அப்படி யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள்.

மாதம் ஒரு தடவை, பொறியை விடுகிற பாயின்ட்டின் இடைவெளியைச் சரிபார்க்க வண்டியைக் கொண்டுவருவார். மீன் பையை ஹேண்டிலில் மாட்டி, அதிலிருந்து தண்ணீர் டேங்க்மேல் சொட்டச் சொட்ட வருவார். டேங்கைத் துடைத்த பிறகுதான் நான் ஸ்பேனரை எடுப்பேன். ஒரு நாள் நான் பாயின்ட்டைத் திறந்துவிட்டு ஃபீலர் கேஜைத் தேடுகிறேன். இடைவெளி அளக்கிற மெல்லிய இரும்புத் தகடுகள், விசிறி மாதிரி விரியும். அது அவர் கையில் இருந்தது. இருக்கிறதிலேயே மெல்லிய தகட்டை விரித்து, பல்லிடுக்கில் விட்டு, நார் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். நோண்டியதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தகட்டைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"என்ன மச்சான் அப்படிப் பாக்குற? இரும்புதானே, எச்சில் ஒட்டுமா?"

என் தங்கை அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரித்தாள் ஐயா. "உங்கண்ணன் காத்தைக்கூட கழுவிட்டுத்தான் மூச்சு விடும்" என்று அவர் சொல்ல, இன்னும் பெரிதாகச் சிரித்தாள். நான் வளர்த்த பெண் அவள். தன் தட்டில் ஓர் எறும்பு ஊர்ந்தால் சாப்பாட்டையே ஒதுக்குகிறவள். கல்யாணமாகி ஆறு வருடத்தில், அவர் கடித்து வைத்த மிச்சத்தை எடுத்து வாயில் போடுகிறவளாக ஆகிவிட்டாள். அதைப் பார்த்த அன்று இரண்டு வேளை என்னால் சாப்பிட முடியவில்லை.

போன மாதம் அவள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு பட்டறைக்கு வந்தாள். எலக்ட்ரானிக் இக்னிஷன். அவருக்குப் பிறந்தநாளுக்கு வாங்கியிருந்தாள்.

"கிக் அடிச்சு அடிச்சு முட்டி வலிக்குதாம்ணா அவருக்கு. இதைப் போட்டா ஒரே உதையில ஸ்டார்ட் ஆயிடும்னு கடைக்காரர் சொன்னாரு. பாத்துப் பண்ணிக் குடுண்ணா."

செய்து தருகிறேன் என்றேன்.

வேலை பெரிதில்லை, கவனம்தான் வேண்டும். பாயின்ட், கண்டென்சர், வேகம் கூடக்கூடப் பொறியை முன்னால் தள்ளுகிற பழைய அட்வான்ஸ் எடைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் காந்தம் வைத்துச் சுழல்கிற ரோட்டர் ஒன்று, கம்பிச்சுருள் பதித்த தகடு ஒன்று. தகட்டில் நீளவாட்டில் இரண்டு பள்ளம், அதில் இரண்டு திருகு. திருகைத் தளர்த்தித் தகட்டை இப்படித் திருப்பினால் பொறி முன்னால் வரும், அப்படித் திருப்பினால் பின்னால் போகும். உதைக்கிற வேகத்தில் பிஸ்டன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்த பிறகுதான் பொறி விழ வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால் வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளும், கிக்கர் உதைத்தவர் காலோடு சேர்ந்து மேலே வரும். பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டியில் அது சாதாரண அடி இல்லை. நான் எப்போதும் பூட்ஸ் போட்டுத்தான் உதைப்பேன். மாப்பிள்ளை ரப்பர் செருப்பில் உதைப்பார். நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

முதலில் சரியாக வைத்தேன். தகட்டின் ஓரத்தில் ஊசியால் ஒரு கோடு கீறினேன். பிறகு அந்தக் கோட்டிலிருந்து பதினெட்டு டிகிரி முன்னால் திருப்பித் திருகை இறுக்கினேன். பத்து போதாது, லேசாகத்தான் அடிக்கும், பல்லைக் காட்டிவிட்டு மறுபடி உதைப்பார். இருபத்தைந்து என்றால் உதைக்கும் முன் லேசாக அழுத்திப் பார்க்கும்போதே காலுக்குத் தெரிந்துவிடும். யோசித்துத்தான் பதினெட்டு. இதைத்தான் கவனக்குறைவு என்கிறீர்கள்.

கால் உடைய வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். கால் உடைந்தால் ஒரு வருடம் ஓட்ட முடியாது. வண்டி என் பட்டறையில் சுத்தமாக நிற்கும். இதில் பெரிய கெடுதல் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். பக்கத்துக் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. வெயில் பொறுக்காமல் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. அவர் கையில் பாதி கடித்த பன். அதை என் வேலை மேசைமேல், கழுவி அடுக்கிய ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்துவிட்டு ஏறினார்.

"பாப்பா வாங்கிக் குடுத்தது மச்சான். ஒரே உதை, பாரு!"

என் தங்கையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரே உதைதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆள் வலப்பக்கம் விழ, அவர் பிடியை விடாததால் வண்டியும் ஸ்டாண்டை விட்டிறங்கி அவர்மேல் சாய்ந்தது. பிரேக் பெடலின் முனை உள்தொடையில் இறங்கியது. அது நான் நினைத்துப் பார்க்காதது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். டேங்கைப் பார்த்தேன், நசுங்கவில்லை. முன் பிரேக் லீவர் மட்டும் லேசாக வளைந்திருந்தது. பிறகு கீழே பார்த்தேன். ரத்தம் பெட்ரோலோடு கலந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. சூடான ரத்தத்துக்கு ஒரு வாடை உண்டு ஐயா. ஆயில் கொட்டினால் போடுகிற மரத்தூளை அள்ளி அதன்மேல் போட்டேன். அவர் என் கால்சட்டையைப் பிடித்தார். ஈரக் கை. நான் விலகிக்கொண்டேன்.

உடனே போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆள்கள் வருவார்கள், வண்டியைப் பார்ப்பார்கள், என் கையால் மாட்டிய தகடு பதினெட்டு டிகிரி தள்ளி நிற்கும். அந்த மெக்கானிக்குக்குக் கை சரியில்லை என்று ஊரே பேசும். அப்படி ஒரு வேலையை என் பேரில் விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

இக்னிஷன் மூடியைக் கழற்றினேன். திருகுகளைத் தளர்த்தினேன். தகட்டைக் கீறிய கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். பூட்ஸ் போட்டிருந்தேன், நானே உதைத்தேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. கோட்டில் வைத்தால் மட்டும் போதாது, இன்ஜின் ஓடும்போது, ஒவ்வொரு பொறிக்கும் மின்னுகிற ஸ்ட்ரோப் விளக்கு அடித்துப் பார்த்தால்தான் உறுதி. பிளக் வயரில் அதை மாட்டினேன். எல்லாம் முடியப் பதினோரு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். அதற்கப்புறம்தான் போன். இன்னும் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கும் கண்ணும் ஒழுகி என் தோளெல்லாம் நனைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கடைசியா எனக்கு ஏதாச்சும் சொன்னாராண்ணா?"

"இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.

அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. இன்ஜின் அப்போது மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டது. முதலில் "மச்சான், மச்சான்" என்றார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, வழக்கமாகப் பேசுகிற குரலிலேயே, "பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும் மச்சான், கேட்டுக்கோ" என்றார். வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது. பார்க்கச் சகிக்காமல் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் ஆக்சிலரேட்டரைத் திருகி, அவர் வாய் அசைவது நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். முழு அட்வான்ஸ் பார்க்க இன்ஜினை அந்த வேகத்தில் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும் ஐயா, வேண்டுமானால் உங்கள் நிபுணரையே கேட்டுப் பாருங்கள்.