காற்று என்று அச்சிட்டார்கள்

வத்தல் கருகுகிற நெடி. எந்த வீட்டு அடுப்பில் எழுந்தாலும் நான் கடலுக்குள் விழுகிறேன்.

தோணி எரிகிறது. மிளகாய் வத்தல் மூட்டைகள் எரிகின்றன. உச்சிவெயில். காற்று செத்துவிட்டது, பாய் தொங்குகிறது. ஜப்பான்காரனின் நீர்மூழ்கி கறுப்பாக மேலே வந்து நிற்கிறது. அவசரமே இல்லை அதற்கு. டம். பாய்மரம் முறிகிறது. "குதிங்கலே! குதிங்க!" தண்டல் கத்துகிறான். தோணிக்குத் தலைவன், என் அண்ணன் மிக்கேல். குதித்தோம். தண்ணீரிலும் நெடி விடவில்லை. இருமினவன் வாயைத் திறந்தான். திறந்தவன் கடலைக் குடித்தான்.

யுத்த வருஷம். தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். கொழும்புக்குப் புறப்பட்டிருந்தோம்.

முந்தின நாள் காலை தூத்துக்குடிக் கரையில் ஒருவர் எங்களை மறித்தார். பத்திரிகைக்காரர் சங்கரலிங்கம் பிள்ளை. கரையில் அவரை யாருக்கும் ஆகாது. தோணிக்காரன் மூட்டையில் கைவைக்கிறான் என்று எழுதினவர். அது பொய்யில்லை, அதனால்தான் கூடுதல் வெறுப்பு. நின்று பேசமாட்டார். எதைக் கேட்டாலும், அச்சில் இருக்கிறது, படித்துக்கொள் என்பார்.

முந்தின வாரம் போன ஒரு தோணியை ஜப்பான்காரர்கள் குண்டு போட்டு எரித்துவிட்டார்கள். அவருக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தார். ஜனம் பயந்துவிடும் என்று சர்க்கார் மேலிடம் தடுத்தது. ஆசிரியர் அந்தப் பத்தியை உருவினார். தோணிகள் வழக்கம்போல் ஓடுகின்றன என்று போட்டார். நாங்கள் படித்தது அதைத்தான்.

போகாதே என்றார் பிள்ளை. அண்ணன் சிரித்தான்.

"என்ன பிள்ளைவாள், இன்னைக்கு வாயாலயே பேப்பர் போடுதீரு?"

கரை முழுக்கச் சிரித்தது. அவர் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். எவருக்கும் வளையாத மனுஷன், முட்டளவுத் தண்ணீரில்.

"நெசம்னா அச்சுல வந்திருக்கணும்லா? ஏன் வரல?" அண்ணன் விடவில்லை.

அவர் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அண்ணன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். யாரோ மீன் கழுவின தண்ணீரை அவர்மேல் ஊற்றினார்கள். பாய் விரித்தோம்.

பலகையோடு கிடந்த என்னைப் பெரியதாழைக் கட்டுமரக்காரர்கள் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து, காற்று என்று சொல் என்றது. அதற்குள் பத்திரிகையே சொல்லிவிட்டது: காற்றில் தோணி கவிழ்ந்தது, தண்டலின் கவனக்குறைவு. அண்ணன் குடித்திருந்தானா என்று அண்ணியிடம் கேட்டார்கள். அடக்கத்துக்கு உடல் இல்லாத வீட்டில், அதைக் கேட்டார்கள்.

எழுதி வைக்கிறேன். அன்று காற்றே இல்லை.

போனது ஒரு தோணி. போனவர்கள் ஐந்து பேர். சுக்கான் பிடித்த அந்தோணி. பாய் இறக்க ஏறின பிலேந்திரன். சோறு வடித்த சவரி. மணமாகி மாதம் திரும்பாத சூசை. என் அண்ணன் மிக்கேல். அவனோடு அவன் பேரும் போனது.

பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேலையை விட்டாயிற்று, ஊரையும் விடுகிறேன் என்றார். மேலிடம், உருவின பத்தி, எல்லாம் அன்றுதான் சொன்னார். கேட்டேன்:

"அன்னைக்கு அண்ணன் கேக்கும்போதே இதச் சொல்லியிருக்கலாம்லா?"

வாசல்வரை போனவர் நின்றார்.

"என் வாயையும் ஒருத்தன் மூடிட்டான்னு, ஒங்ககிட்டப் போயிச் சொல்ல வெக்கமா இருந்துது."