அறுபத்துமூவர் வரைக்கும்

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்மணிகள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும்.

"புருஷன் போனா பெண்டாட்டிக்கு வீடு வரும். கல்யாணி போனா எனக்கு என்ன வரும்? எங்களுக்குச் சட்டத்துல பேரே இல்லையே," என்றாள் ஒருத்தி.

"முப்பது வருஷம் ஒண்ணா குடித்தனம் பண்ணினேளே! அவ உயில் எழுதலையா?" என்றாள் சிநேகிதி.

"எழுதறதுக்குள்ள போயிட்டா. வீடு அவ அண்ணாவுக்குப் போயிடுத்து. நான் அடையாறுல ஒரு ரூம் பார்த்துண்டு வந்துட்டேன்."

"அவர்கிட்ட ஒண்ணுமே கேக்கலையா நீ?"

"அறுபத்துமூவர் வரைக்கும் இருந்துட்டுப் போறேன்னேன். வருஷா வருஷம் மாடி ஜன்னல்ல நின்னு ரெண்டு பேருமா சாமி பார்ப்போம். அவ என் தோள்ல மோவாயை வெச்சுண்டு, ஒவ்வொரு நாயனார் பேரா சொல்லிண்டே வருவா."

"அண்ணா சம்மதிச்சாரா?"

"சம்மதிச்சார். அன்னிக்கு அவரும் மாடிக்கு வந்தார். 'கல்யாணி எங்க நிப்பா?'ன்னு கேட்டார். காட்டினேன்."

"அப்புறம்?"

"அந்த இடத்தை விட்டுட்டு, தள்ளி நின்னுண்டார்."