நிமிசத்துக்கு இரண்டு எழுத்து

ஸுஹறா: …அண்ணைக்கு மூண்டு நிமிசம், அக்கா. "தண்ணி தா." நாலே நாலு எழுத்து. அதுக்கு மூண்டு நிமிசம்.

இரஞ்சிதம்: மணிக்கூடு சரியோ பிள்ளை?

ஸுஹறா: கொழும்பில பெரிய டொக்டர் எங்கட ஆசுபத்திரிக்குத் தந்துவிட்ட மணிக்கூடு. அதில பிழை பிடியாதைங்கோ.

இரஞ்சிதம்: நான் ஏன் பிழை பிடிக்கிறன்… இஞ்சாருங்கோ, கரண்டியோட வாறன். மெல்ல, மெல்ல விழுங்குங்கோ. படுக்கையில கிடக்கிற இவருக்குத்தான் பிள்ளை சொல்லுறன். புரைக்கேறினா வில்லங்கம்.

ஸுஹறா: ஆறுதலாக் குடிக்கட்டும். அவசரமில்லை… இல்லை, அவசரம்தான். பின்னேர ரயில் கோச்சியில இந்தச் சோதனைத் தாள் கொழும்புக்குப் போகோணும்.

இரஞ்சிதம்: அந்தக் கதைக்கிற பெட்டி எத்தினை மிச்சம் இருக்கு?

ஸுஹறா: ஆறு தான் செய்தவை. அஞ்சு குடுத்தாச்சு.

இரஞ்சிதம்: அப்ப ஒண்டு.

ஸுஹறா: ஒண்டே ஒண்டு. நிமிசத்துக்கு ரெண்டு எழுத்தாவது சொல்லுற ஆளுக்குத்தான் குடுப்பினம். அதுக்குக் குறைஞ்சா பெட்டியில விளக்கு ஓடுற வேகத்துக்கு அவரால ஈடு குடுக்க ஏலாதாம்.

இரஞ்சிதம்: விளக்கு ஒவ்வொரு எழுத்தாத்தானே போகும் எண்டனீங்கள்?

ஸுஹறா: ஓம். வேண்டிய எழுத்தில விளக்கு எரியேக்க கன்னத்தை ஒருக்கா அசைச்சாக் காணும். அண்ணைக்கு அந்த இடக்கன்னம் அசையுதே, அது போதும். கன்னத்தை ரெண்டு தரம் அசைச்சா மணியும் அடிக்கும். பக்கத்தில ஒருத்தர் பலகையோட நிக்கத் தேவையில்லை.

இரஞ்சிதம்: எனக்கு அந்த மணி ஒண்டே காணும் பிள்ளை. போன மாசம் கிணத்தடிக்குப் போட்டு வாறன், முகம் முழுக்க எறும்பு. கண்ணால தண்ணி ஓடிக்கொண்டு கிடக்கிறார். எவ்வளவு நேரம் அப்பிடிக் கிடந்தாரோ… கூப்பிட வழியில்லை. இவர் ஒட்டுசுட்டானில நிண்டு கத்தினா முள்ளியவளைக்குக் கேக்கும் எண்டு சனம் பகிடி பண்ணின குரல்.

ஸுஹறா: எனக்குத் தெரியாதோ அந்தக் குரல்? நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸில அண்ணை தானே கொண்டக்டர்… விழுந்து ரெண்டு வருசம் இருக்குமோ?

இரஞ்சிதம்: எண்பதாம் ஆண்டு ஆவணி. வாற ஆவணிக்கு ரெண்டு வருசம். மூளைக்குப் போற இரத்தக்குழாய் அடைச்சிட்டுது எண்டிச்சினம். காது கேக்கும், எல்லாம் விளங்கும், வாயும் கையும் இனி இல்லை எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினம். நீங்கள் மூண்டு மாசத்துக்கு முதல் இந்தப் பலகையைக் கொண்டு வந்தபிறகுதான் இந்த வீட்டில ரெண்டு பேர் கதைக்கிறம்.

ஸுஹறா: பலகைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளிநாட்டில இருந்து வந்ததில இருபத்தாறு எழுத்து. எங்கட இருநூற்று நாப்பத்தேழை எங்க கொண்டுபோய் அடுக்கிறது? பிறகுதான் பக்கத்தில மெய்யெழுத்து, மேல உயிரெழுத்து எண்டு கீறினன். நீங்கள் விரலை ஓட்ட, அவர் வேண்டிய இடத்தில கண்ணை மேல உயர்த்த…

இரஞ்சிதம்: நல்லாப் பழகியிட்டுது பிள்ளை.

ஸுஹறா: பழகினா ஏன் பிந்துது? இஞ்ச பாருங்கோ. காலமை அவர் "கோச்சி" எண்டவர். மூண்டு எழுத்து, ஒண்டரை நிமிசம். கணக்குச் சரி. பிறகு "கதவைத் திற" எண்டவர். ஆறு எழுத்து. நாலரை நிமிசம். இப்ப தண்ணி.

இரஞ்சிதம்: களைச்சுப்போனார்.

ஸுஹறா: களைச்ச ஆள் நடுவில "மழை வருது" எண்டு அஞ்செழுத்தை ரெண்டரை நிமிசத்தில சொன்னவர்.

இரஞ்சிதம்: …மழையில அவருக்கு விருப்பம்.

ஸுஹறா: அக்கா, சிரிக்காதைங்கோ. எனக்கு ஒண்டு விளங்குது. சும்மா கதை சொன்னா வேகம். உங்களிட்ட ஏதும் கேட்டாத்தான் பிந்துது.

இரஞ்சிதம்: அப்பிடியோ… நான் கவனிக்கேல்லை.

ஸுஹறா: பலகையைத் தாங்கோ. நான் பிடிக்கிறன்.

இரஞ்சிதம்: நேரம் பாக்கிற ஆள் பலகையைப் பாக்கக்கூடாது எண்டு தாளில எழுதியிருக்கெண்டனீங்கள்?

ஸுஹறா: நேரத்தை நீங்கள் பாருங்கோ. அண்ணை, இனி நான்தான். என்னட்ட ஏதாவது கேளுங்கோ… த… ண்… ணி… இப்பதானே குடிச்சனீங்கள்? சரி, சரி… தா… பி… ள்… ளை. "தண்ணி தா பிள்ளை." முடிஞ்சுதோ அண்ணை? ஓம் எண்டுறார். எவ்வளவு அக்கா?

இரஞ்சிதம்: மூண்டரை.

ஸுஹறா: ஏழெழுத்து, மூண்டரை நிமிசம். நிமிசத்துக்கு ரெண்டு. அவரில ஒரு பிழையும் இல்லை, அக்கா.

இரஞ்சிதம்: அதைத்தானே நானும் சொல்லுறன். எழுதுங்கோ.

ஸுஹறா: அப்ப பிழை பலகை பிடிக்கிறவாவில எண்டெல்லோ எழுதவேணும்.

இரஞ்சிதம்: …எழுதுங்கோ. எனக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

ஸுஹறா: காலமை ஊசியில நூல் கோத்த கண்ணோ?

இரஞ்சிதம்: கிட்டத்துப் பார்வை நல்லம்.

ஸுஹறா: பலகையும் கிட்டத்தானே இருக்கு… அக்கா, பிழை உங்களில எண்டு எழுதினா, பலகை பிடிக்க வேற ஆளைப் பழக்கச் சொல்லுவினம். அண்ணையின்ர தம்பி பெண்சாதி பக்கத்து வளவில தானே? மீனம்மா. அவா வந்து ஒரு மாசம் பலகை பிடிக்கட்டும். பிறகு திரும்பச் சோதிப்பம்.

இரஞ்சிதம்: ஒரு மாசமோ?

ஸுஹறா: அதுக்குள்ள ஆறாவது பெட்டி வேற ஆரிட்டையும் போயிடும். அதுக்கு நான் என்ன செய்ய?

இரஞ்சிதம்: மீனம்மா வேண்டாம்.

ஸுஹறா: ஏன்?

இரஞ்சிதம்: வேண்டாம் எண்டா விடுங்கோவன்.

ஸுஹறா: சண்டையோ?

இரஞ்சிதம்: சண்டை ஒண்டுமில்லை… அவர் கண்ணைச் சிமிட்டுறார். ஏதோ சொல்லப்போறார். பலகையைத் தாங்கோ இப்பிடி.

ஸுஹறா: இந்தாங்கோ. நான் யன்னலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். …சரி. எவ்வளவு நீளமாக் கதைக்கிறார். என்னவாம்?

இரஞ்சிதம்: "சொல்லு" எண்டுறார்.

ஸுஹறா: எதைச் சொல்ல?

இரஞ்சிதம்: அவ்வளவுதான் சொன்னவர்.

ஸுஹறா: "சொல்லு." மூண்டு எழுத்து. மணிக்கூட்டில ரெண்டரை நிமிசம். அக்கா, அந்த ஒரு நிமிசம் எங்க போகுது? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ரெண்டெழுத்து குறையுது. அதை எங்க விழுத்தினனீங்கள்?

இரஞ்சிதம்: "ங்கோ."

ஸுஹறா: என்ன?

இரஞ்சிதம்: "சொல்லுங்கோ" எண்டவர் பிள்ளை.

ஸுஹறா: ஆருக்கு? எனக்கோ?

இரஞ்சிதம்: எனக்கு.

ஸுஹறா: அப்ப தண்ணி?

இரஞ்சிதம்: "தாங்கோ."

ஸுஹறா: கதவு?

இரஞ்சிதம்: "திறவுங்கோ."

ஸுஹறா: பொறுங்கோ… தண்ணிக்கு ஆறெழுத்து, மூண்டு நிமிசம். கதவுக்கு ஒன்பது எழுத்து, நாலரை. எல்லாம் நிமிசத்துக்கு ரெண்டு. அக்கா, எல்லாம் சரி. பெட்டி உங்களுக்குத்தான். இப்பவே எழுதுறன்.

இரஞ்சிதம்: மெய்யாவோ?

ஸுஹறா: மெய்யா. கொஞ்சத்தில கைவிட்டுப் போகப் பாத்துதே. இதைப்போய் ஏன் ஒளிச்சனீங்கள்?

இரஞ்சிதம்: எனக்கு இருபத்தொரு வருசமா "எடியே" தான் பேர். பஸ்ஸில முன்பின் தெரியாத சனத்துக்கு ஏறுங்கோ, இறங்குங்கோ, முன்னுக்குப் போங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்திப்போட்டு வீட்டை வருவார். வாசல்ல காலை வச்ச உடன "எடியே, சோத்தைப் போடு." அடி உதை இல்லை, குடி இல்லை. நல்ல மனுசன். வாய்தான் அப்பிடி.

ஸுஹறா: பலகை வந்த பிறகு மாறினவரோ?

இரஞ்சிதம்: முதல் நாளே. "தா"வோட முடியேல்லை, "ங்கோ"வுக்கும் கண்ணை உயர்த்தினார். ஏதோ தவறிப்போச்சு எண்டு திருப்பி ஓட்டினன். திருப்பியும் "ங்கோ"வில போய் நிண்டார். ஒரு எழுத்துக்கு அவர் படுற பாட்டை நான் பாக்கிறன்தானே பிள்ளை? வேண்டாம், "தா" எண்டாலே எனக்கு விளங்கும் எண்டு எத்தினை தரம் சொன்னன். கேக்கிறாரில்லை.

ஸுஹறா: அண்ணை, அவா வெளியில சொல்லேக்க அதை வெட்டிப்போட்டுச் சொல்லுறது உங்களுக்குத் தெரியுமோ? …கண் மேல போகுது. தெரியுமாம். தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்களோ? …அதுக்கும் ஓம். நல்ல சோடிதான். நான் காலமை தொட்டு மண்டையைப் போட்டு உடைச்சன்.

இரஞ்சிதம்: சனம் சிரிக்கும் எண்டுதான் பிள்ளை. படுக்கையில விழுந்தபிறகு பெண்சாதிக்குப் பயந்து மரியாதை குடுக்கிறான் எண்டு கதைப்பினம்.

ஸுஹறா: சிரிக்கிறவை சிரிக்கட்டும். பெட்டி வந்தா எல்லா எழுத்தும் விளக்கில தெரியும், வாறவை போறவை எல்லாரும் வாசிப்பினம். அப்ப எப்பிடி ஒளிப்பியள்?

இரஞ்சிதம்: அதுதான் பிள்ளை… சனம் சிரிக்கும் எண்டது பொய். கலியாணம் முடிச்ச நாளில இருந்து கேக்காத சொல், இப்ப கிடைச்சிருக்கு. அவற்ர கண்ணுக்கும் என்ர கண்ணுக்கும் மட்டும் தெரிஞ்சு, அது கொஞ்ச நாளைக்கு என்னட்ட மட்டும் இருக்கட்டும் எண்டு ஆசைப்பட்டிட்டன்.