ஆறாவது நாவலுக்கு ஒரு வரி

அன்று எங்கள் பதிப்பகத்தின் வாசகர் கூட்டத்தில், மேடையில் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் குறித்து வைக்கிறேன்.

காலையில் பதிப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "ஆறாவதைப் பத்தி மூச்சு விடாதம்மா. அஞ்சை மட்டும் அழகா சொல்லிட்டு இறங்கிடு" என்று சொன்னதை நான் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்ததையும் சொல்லவில்லை. அந்த ஆறாவது நாவலை எழுதியவர் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், வேலை உடையோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொல்லவில்லை. "வந்து கேட்டுட்டுப் போயிடறேன்மா, என்னை யாருக்கும் காட்டிராத" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை நான் ஒலிவாங்கி முன் நின்றதே இல்லை. வீட்டில் விருந்தாளி வந்தாலே உள்ளறைக்குப் போய்விடுகிறவள் நான். அதையும் சொல்லவில்லை.

சொன்னது இது. ஒலிப்பதிவைக் கேட்டு, கூட்டத்திலிருந்து வந்த குரல்களோடு எழுதியிருக்கிறேன்.

*

எழுதுகிறவர்களைத் தேடி எத்தனையோ படிக்கட்டு ஏறி இறங்கிய கால்களோடு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் பதிப்பாளர் ஐயா அவர்களே, காணாத அரசிகளுக்குக் கண்ணும் கேளாத போர்களுக்கு வண்ணமும் கொடுத்த ஓவியர் அண்ணன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் ஐந்து நாவலாசிரியப் பெருமக்களே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு இந்தப் பெண் எங்கே தடுக்கி விழுவாள் என்று முன்வரிசையில் அன்போடு காத்திருக்கும் பெரியவர்களே, ஒரு அத்தியாயம் முடிவதற்குள் ஒரு குழம்பையே அடிப்பிடிக்க விட்ட தாய்மார்களே, அக்காமார்களே, இடமில்லாமல் சன்னலோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் எழுத்தாளர் அல்ல. பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் படிகளை முதலில் வாசிப்பவள். அரசன் அரியணை ஏறுவதற்கு முன் என் மேசை ஏறுவான். இளவரசி தன் காதலனைக் காண்பதற்கு முன் நான் அவனைக் கண்டுவிடுவேன்.

(முன்வரிசையில் ஒரு பெரியவர்: "ஆள் எப்படிம்மா?")

அகன்ற மார்பு, அடர்ந்த மீசை, ஐயா. எல்லா நாவலிலும் அதே ஆள்தான். சலித்துவிட்டது.

காதல் கண்ணை மறைக்கும் என்பார்கள். எழுதுகிறவரின் கண்ணையும் மறைக்கும் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இதோ, இந்த மேடையில் இருக்கும் ஒருவரின் நாவலில் காதலர்கள் பௌர்ணமிதோறும் கோட்டைச் சுவரில் சந்திக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் ஒன்பது பௌர்ணமி. தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அசரவில்லை. "நிலா இல்லாம எப்படிம்மா முகத்தைப் பார்ப்பான்?" என்றார். "விளக்கு ஏத்தலாமே ஐயா" என்றேன். "காவல்காரன் பார்த்துடுவானே" என்றார். அரை மணி நேரம் வாதாடி, கடைசியில் இரண்டு மாதத்தை ஒன்பது மாதமாக நீட்டினோம். காதல் இன்னும் ஆழமாகிவிட்டது. இன்று அந்தப் புத்தகத்தின் அழகே அந்த ஒன்பது மாதக் காத்திருப்புதான்.

(மேடையில் ஒருவர் கை தூக்கி, "அது நான்தான்" என்றார். கைதட்டல்.)

வரவிருக்கும் நூல்களுக்கு வருகிறேன். அவர் எழுதியது 'கோட்டைச் சுவரின் ஒன்பது நிலவுகள்'. அடுத்தது 'இளவரசியின் ஏழாவது ஓலை'. ஆறு ஓலைகளைத் தோழியின் கையில் கொடுத்தனுப்பிய இளவரசி, ஏழாவதைத் தானே கொண்டுபோகிறாள். போன இடத்தில் என்ன கண்டாள் என்பதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து சண்டை போடுங்கள், நானும் அந்த ஆசிரியரிடம் போட்டிருக்கிறேன். 'முத்திரை மோதிரத்தின் மௌனம்' ஒரு தூதுவனின் கதை. 'பகைநாட்டுப் பாடினி' பெயரிலேயே தெரிகிறது. 'கலங்கரை அரசி' கொஞ்சம் பெரியது. தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம் என்று அதை எழுதிய அக்காவே சொல்கிறார். ஆனால் அதன் இருநூறாம் பக்கத்தைத் தாண்டியவர்களுக்குத் தூக்கம் வராது. அதற்கு நான் பொறுப்பு.

ஐந்தும் அருமை. ஐந்தும் என் உள்ளத்துக்கு நெருக்கம். இதை மேடைக்காகச் சொல்லவில்லை.

உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. பழைய வாசகர்களுக்கு இது புதிதல்ல. வரவிருக்கும் நாவல்களின் பெயர் அதில் அச்சாகியிருக்கிறது. வேண்டியதற்குக் குறி போட்டு, போகும்போது வாசலில் இருக்கும் பெட்டியில் போடுகிறீர்கள். எது முதலில் வரும், எத்தனை படி அச்சாகும் என்பதை அந்தச் சீட்டுதான் முடிவு செய்கிறது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் தலைவர் ஐயா. "சீட்டு சொல்றதுதான் என் சொல்லு. என் வீட்டுக்காரி சொன்னாக்கூட மாத்த மாட்டேன்" என்பார். ஒருமுறை அவர் தம்பி எழுதிய நாவலுக்கு நான்கே நான்கு குறி விழுந்தது. அதை அவர் அச்சிடவில்லை. தம்பி இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஐயா அசையவில்லை. அந்த நேர்மையை நம்பித்தான் இனிப் பேசப்போவதைப் பேசுகிறேன்.

சீட்டில் ஐந்து பெயர் இருக்கிறது. எழுதி முடிந்த நாவல்கள் ஆறு.

(தலைவர், மெல்ல: "ம்மா, நேரம் ஆயிடுச்சு.")

ஐந்து நிமிடம் ஐயா. ஐந்து நாவலுக்கு ஐந்து நிமிடம் எடுத்தேன். ஆறாவதற்கும் அதே அளவு கொடுங்கள்.

(பின்னாலிருந்து ஒரு பெண்: "பேசட்டும் விடுங்க சார்.")

நன்றி அக்கா. எங்கள் பதிப்பகத்தில் ஒரு பழக்கம் உண்டு. அட்டை முந்தும், கதை பிந்தும். அறிவிப்புப் பலகைக்குப் படம் வேண்டுமென்று, நாவல் முடிவதற்கு முன்பே அண்ணன் அட்டையை வரைந்துவிடுவார். ஒருமுறை ஒரு நாயகியின் தோளில் கிளியை உட்காரவைத்துவிட்டார். எழுதியவர் பதறிப்போய், "என் நாயகிகிட்ட கிளியே கிடையாதே" என்று கேட்டார். "இப்ப இருக்கு. ரெண்டு பக்கம் எழுதிச் சேர்த்துடுங்க" என்றார் அண்ணன். சேர்த்தார். அந்தக் கிளிக்குத்தான் வாசகர் கடிதம் அதிகம் வந்தது.

(ஓவியர்: "கிளி நல்லா பேசுச்சும்மா.")

பேசியது அண்ணா, மறுக்கவில்லை. அதே வழக்கப்படி ஆறாவது நாவலுக்கும் அட்டை தயாரானது. பாய்ந்து வரும் குதிரை, அதன் மேல் இளவரசன், அவன் முன்னால் இளவரசி. எழுதியவரை வரவழைத்துக் காட்டினோம். அவர் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவர். படத்தைக் கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவங்க ரெண்டு பேரும் யாருங்க?"

"உங்க நாயகனும் நாயகியும்தாம்மா."

"அவங்களுக்குக் குதிரை ஏறத் தெரியாதுங்களே."

"அவனை ஒரு சின்ன இளவரசனா ஆக்கிடுங்களேன். ஆரம்பத்துல வேணாம். மாறுவேஷத்துல இருந்தான்னு கடைசியில தெரிய வர்ற மாதிரி" என்றார் தலைவர் ஐயா.

அந்த அம்மா படத்தைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். "கடைசியிலயும் அவரு கூடாரம் மடிக்கிறவருதாங்க" என்றார். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தோடு அந்த நாவல் பட்டியலிலிருந்து போனது. ஐயா சொன்னதில் வஞ்சகம் இல்லை. அரசன் இல்லாத சரித்திரக் காதலை யார் வாங்குவார்கள் என்ற கவலை அது. என் குற்றம் வேறு. அந்த அறையில் நாவலை முழுதாகப் படித்திருந்தவள் நான் ஒருத்திதான். "நீ என்னம்மா சொல்ற?" என்று ஐயா என்னைத்தான் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "நீங்க சொன்னா சரிங்கய்யா" என்றேன். கொழுக்கட்டையை வாயில் வைத்தவள் போல மற்றதையெல்லாம் விழுங்கினேன். அன்று விழுங்கியதை இன்று உங்கள் முன் சொல்கிறேன்.

கேளுங்கள். ஒரு நாட்டில் நெடும்போர். படை போகும் இடமெல்லாம் கூடாரம். ஈரமும் இரத்தமுமாகத் திரும்பி வரும் கூடாரத் துணிகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்ப ஒரு கொட்டகை. பெரிய துணியை ஒருவர் மடிக்க முடியாது. இந்தப் பக்கம் இரண்டு முனையை அவள் பிடிப்பாள். அந்தப் பக்கம் இரண்டு முனையை அவன் பிடிப்பான். ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து வருவார்கள். அவன் தன் முனைகளை அவள் விரல்களில் ஒப்படைப்பான். குனிந்து, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்வாங்குவான். மறுபடி வருவான். ஒரு துணிக்கு நான்கு மடிப்பு. நான்கு முறை நெருக்கம், நான்கு முறை விலகல். பேசக்கூடாது என்பது கொட்டகைச் சட்டம். பேசாமல், பெயர் கேட்காமல், விரல் நுனி மட்டும் அறிந்த ஒரு காதல் அங்கே வளர்கிறது.

வளர வளர ஒரு வேதனையும் வளர்கிறது. நாடு முழுவதும் போர் முடிய வேண்டும் என்று ஏங்குகிறது. போர் முடிந்தால் கூடாரம் ஏது? கூடாரம் இல்லாவிட்டால் கொட்டகை ஏது? கொட்டகை இல்லாவிட்டால் அவள் எங்கே, அவன் எங்கே? அமைதிக்கு அஞ்சுகிறோமே என்று இருவரும் தனித்தனியே வெட்கப்படுகிறார்கள். அதற்குள் திரும்பி வரும் கூடாரங்களும் குறைகின்றன. நூறு வந்த இடத்தில் அறுபது. அறுபது வந்த இடத்தில் இருபது. கூடாரம் குறைந்தால் அதில் படுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது மடிக்கிற கைக்குத் தெரியாதா? ஒருநாள் காலை, ஒரே ஒரு கூடாரம் வருகிறது. நான்கே நான்கு மடிப்பு. அவள் இரண்டு முனையைக் கையில் எடுக்கிறாள்.

(ஒரு குரல்: "அப்புறம்?")

சொல்ல மாட்டேன் அக்கா.

("என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போம்மா, புண்ணியமாப் போகும்.")

சொன்னால் எழுதியவருக்குத் துரோகம். அச்சில் வந்தால் நீங்களே படிப்பீர்கள். வராவிட்டால் அந்த முடிவு எங்கள் அலுவலக அலமாரியில், மூன்றாவது தட்டில், நாடா கட்டிய ஒரு கோப்புக்குள் கிடக்கும்.

(முன்வரிசைப் பெரியவர்: "எழுதினவங்க வந்திருக்காங்களா?")

அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை ஐயா. நாவலின் பெயரைச் சொல்கிறேன். 'கூடாரத்தின் நான்கு முனைகள்'.

பெரியவர்களே, தாய்மார்களே, படை படுத்தது, படை எழுந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த போருக்குப் போய்விடுகிறோம். படுத்தது எதன் கீழ்? அந்தத் துணியை நனைத்தது யார், பிழிந்தது யார், வெயிலில் விரித்தது யார்? பிழிந்த கைக்குக் காதல் கிடையாதா? விரித்த விரலுக்கு விதிர்ப்பு கிடையாதா? மகுடம் வைத்த தலைக்குத்தான் மனம் உண்டென்றால், இந்த மன்றத்தில் இருக்கும் நம்மில் யாருக்கு மனம் உண்டு? எனக்கு மகுடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றால், நம் காதலை யார் எழுதுவது, எந்த அட்டையில் வரைவது, எந்தச் சீட்டில் அச்சிடுவது?

சீட்டில் இடமில்லை என்பது எனக்கும் தெரியும். ஐந்தாவது பெயருக்குக் கீழே ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருக்கிறது. அச்சகத்துக்காரர் அறியாமல் செய்த உதவி அது. வேண்டும் என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு வரி எழுதுங்கள். வேண்டாம் என்று நினைப்பவர்கள் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். எது விழுந்தாலும் பணிகிறேன். எழுதுகோல் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள், திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள்.

குறுக்கே ஒருமுறை மட்டும் பேசி, மற்ற நேரமெல்லாம் பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், ஐந்து நாவல் தந்த ஆசிரியர்களுக்கும், அண்ணனுக்கும், கதை கேட்க வந்து என் குற்றத்தையும் சேர்த்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்.

*

முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் பெட்டியில் விழுந்தன. நூற்றெண்பத்தாறில் ஐந்தாவது பெயருக்குக் கீழே கையால் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. ஐந்து நாவலாசிரியர்களில் மூவர்கூட எழுதியிருந்தார்கள். கூட்டம் கலைவதற்கு முன்பே தூணுக்குப் பின்னால் இருந்த நாற்காலி காலியாகிவிட்டது. அவருக்கு மாலை வேலை.

மூன்றாம் நாள் பதிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "சீட்டு என் சொல்லு. அதைக் காப்பாத்துறேன். அச்சுக்குக் குடுத்தாச்சு" என்றார். பிறகு, "நீ சரின்னு தலையாட்டிட்டுப் போனியே, அதுவும் ஒரு சொல்லுதானேம்மா" என்றார். அந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்.

'கூடாரத்தின் நான்கு முனைகள்' மற்ற ஐந்து நூல்களின் வரிசையிலேயே வெளிவந்தது. நான் இப்போது வேறோர் இடத்தில் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறேன்.