பிழைக்குக் கைதட்டிய வகுப்பு

தலைமைக் கதிரைக்குத் தகைமை சேர்க்கும் பெரியவர் இராசநாயகம் அவர்களே! கடல் கடந்து வந்த விருந்தினர்களே! வலையையும் வயலையும் விட்டு வந்த தந்தையரே! பிள்ளைகளோடு பெருமையையும் பெற்றெடுத்த தாய்மாரே! முன்வரிசையில் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கும் என் மாணவச் செல்வங்களே! இந்தப் பள்ளியின் தமிழாசிரியன் சிவபாதத்தின் நெஞ்சார்ந்த வணக்கம்!

போன ஆண்டு நம் நெடுந்தீவுக்கு ஒரு செய்தி வந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்தவர் ஒரேயொருவர். ஆகவே அந்தப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பையே மூடலாமா என்று மேலிடம் யோசித்தது. மூடினால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? படகேறி யாழ்ப்பாணம் போவார்களா? கடலில் கடற்படை நிற்கும் இந்த எண்பத்தாறாம் ஆண்டில், பெண்பிள்ளையைப் படகேற்றி அனுப்பத் துணிந்த தாய் இங்கே இருந்தால் கையை உயர்த்துங்கள்! பார்த்தீர்களா? ஒரு கையும் இல்லை. வகுப்பு மூடினால் அவர்கள் படிப்பும் மூடும்!

அந்த வேளையில்தான் ஊர்காவற்றுறையிலிருந்து கணித ஆசிரியையாக வந்தார் மேரிஜோசப்பின். வந்தவர் பிரம்பைத் தேடவில்லை. பிள்ளைகளின் பயத்தைத் தேடினார். பிழை வந்துவிடுமோ என்ற பயம் அவர்கள் வாயைப் பூட்டியிருந்தது. அவர் ஒரு சட்டம் போட்டார்: கரும்பலகையில் பிழை விட்டவருக்கு முதலில் எல்லோரும் கைதட்ட வேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தப் பிழையைப் பிடிக்க வேண்டும்! வகுப்பைப் பனங்கூடலுக்குக் கூட்டிப்போனார். நட்டு வைத்த தடியின் நிழலையும் பனையின் நிழலையும் அளந்து, ஏறாமலே பனையின் உயரம் காணச் சொன்னார்.

இதைக் கேள்விப்பட்டு, அதோ அங்கே அமர்ந்திருக்கும் கதிர்காமு அண்ணை நேரே பள்ளிக்கூடம் வந்தார். "ரீச்சர், பிள்ளையளை வெய்யிலுக்கை நிப்பாட்டுறதோ படிப்பு?"

"அண்ணை, உங்கட மகள் இண்டைக்கு வகுப்பில வாய் திறந்து கதைச்சவா. வீட்டை போய்க் கேட்டுப் பாருங்கோ" என்றார் ஆசிரியை.

என்ன அண்ணை, தலையாட்டுறியள்? ஓம், உண்மைதானே!

அந்த மகள்தான் மீனலோசனி. அதுவரை பெயர் கூப்பிட்டாலும் குனிந்தே நின்ற பிள்ளை. ஒரு காலை அவள் கரும்பலகையில் கணக்குச் செய்ய, ஆசிரியை மாணவரோடு வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தார். கணக்குப் பிழைத்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார், வகுப்பை மூடுவதா என்று முடிவெடுக்க வந்த கல்வி அதிகாரி!

"பிழையான கணக்குக்கோ கைதட்டுறியள்?"

ஆசிரியை எழுந்தார். ஆனால் முதலில் பேசியது யார்? மீனலோசனி!

"ஓம் சேர். பிழை எங்கயெண்டு இப்ப கண்டுபிடிச்சிடுவம். கொஞ்சம் இருங்கோ."

அதிகாரி இருந்தார்! அவள் கணக்கை வரிவரியாக உரக்கப் படித்தாள். தடியின் நிழலை எழுத வேண்டிய இடத்தில் பனையின் நிழலை எழுதிவிட்டதைத் தானே கண்டாள், திருத்தினாள், ஏனென்றும் விளக்கினாள். அதிகாரி இன்னொரு கணக்குக் கொடுத்தார். அதிலும் முதல் வரியில் தடுக்கினாள். பிள்ளைகள் தயங்கினார்கள். அப்போது ஒரு கைதட்டல் கேட்டது. தட்டியவர் யார் தெரியுமா, தாய்மாரே? அந்த அதிகாரி!

விடை சரியாக வந்ததும் அவர் சொன்னார்: "ரீச்சர், இந்த வகுப்பை இப்ப மூட ஏலாது. சோதினை முடியட்டும், பாப்பம்."

பார்த்தோம்! நாடே பார்க்கப் பார்த்தோம்! பரீட்சை எழுதியவர்களில் இருவரைத் தவிர அத்தனை பேரும் கணிதத்தில் சித்தி! மீனலோசனிக்கு வெறும் சித்தியல்ல, உயர்ந்த புள்ளியோடு திறமைச் சித்தி! தவறிய இருவரும் எங்கே? அதோ, முன்வரிசையில்! மறுபடி எழுத முதல் ஆட்களாகப் பெயர் கொடுத்த அவர்களுக்கும் தட்டுங்கள் கையை! இன்னும் பலமாக! படகுத் துறைவரை கேட்கட்டும்!

அடக்கினால் அடங்கும் கூட்டமா இது? அஞ்சினால் ஆகுமா கல்வி? வகுப்பு மூடப்படாது என்ற கடிதம் நேற்று வந்துவிட்டது! திங்கட்கிழமை புதிய வகுப்புத் தொடங்குகிறது. தாய்மாரே, உங்கள் பெண்பிள்ளைகளை அனுப்புங்கள். அவர்கள் பிழை விடட்டும். நிமிர்ந்து நின்று அதைத் திருத்தட்டும்!

வாய்ப்புத் தந்த தலைவருக்கும், செவி தந்த உங்களுக்கும், எங்களுக்கும் பாடம் நடத்திய மேரிஜோசப்பின் அவர்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!